திருப்பிப் போட்டால் ஒரு கணக்கு, போடாவிட்டால் வேறு கணக்கு: நிகழ்தகவுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஒரு மைலோ டின்னில் 8 கோலிகள் இருக்கின்றன. 5 சிவப்பு, 3 பச்சை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கிறீர்கள். அப்புறம் இன்னொன்றையும் எடுக்கிறீர்கள். இரண்டும் சிவப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு?

இந்தக் கேள்விக்கு இப்போதே விடை சொல்ல முடியாது. முதலில் எடுத்த கோலியை டின்னுக்குள் திருப்பிப் போட்டீர்களா, கையிலேயே வைத்துக்கொண்டீர்களா என்பது கேள்வியில் இல்லை. திருப்பிப் போட்டிருந்தால் விடை ஒன்று, போடாவிட்டால் வேறொன்று.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் நான்கு, ஐந்து (16, 17 வயது) பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சிலர். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு தமிழில் கணக்குப் படித்தவர்கள், இந்தப் பாடத்தை இடைநிலைப் பள்ளியில் மலாயில் ‘கெபாராங்காலியான்’ என்று சந்திக்கிறார்கள். பின்னங்களைப் பெருக்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும். தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: இரண்டாவது தடவை கை போடும்போது டின்னில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்கப் பழகிவிட்டால் பாடத்தில் முக்கால் பங்கு முடிந்த மாதிரி. பெற்றோரும் கூட உட்கார்ந்து படிக்கலாம்.

முதலில் ஒரே ஒரு கோலியை எடுப்போம். நமக்கு வேண்டிய கோலிகள் எத்தனை, மொத்தம் எத்தனை என்று பார்த்து வகுத்தால் அதுதான் நிகழ்தகவு. சிவப்பு வர 5/8. பச்சை வர 3/8. இரண்டையும் கூட்டினால் 1 வரும், ஏனென்றால் ஏதோ ஒரு நிறம் வந்தே தீர வேண்டும். நடக்கவே முடியாத ஒன்றுக்கு, உதாரணமாக நீலக் கோலி வருவதற்கு, நிகழ்தகவு 0. இவ்வளவுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: எல்லாக் கோலிகளுக்கும் கையில் அகப்படச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பெரியதாக இருந்து விரலில் முதலில் தட்டுப்பட்டால் இந்த வகுத்தல் செல்லாது. டின்னை நன்றாகக் குலுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது கை

சரி, இப்போது இரண்டு தடவை எடுப்போம். முதல் கோலியை எடுத்து, நிறத்தைப் பார்த்துவிட்டு, திருப்பிப் போட்டுக் குலுக்கிவிடுகிறீர்கள். இரண்டாவது கை உள்ளே போகும்போது டின்னில் இருப்பது என்ன? அதே 5 சிவப்பு, அதே 3 பச்சை. ஆகவே இரண்டும் சிவப்பாக வர:

5/8 × 5/8 = 25/64, ஏறக்குறைய 39%.

ஏன் பெருக்குகிறோம்? சூத்திரமாக மனப்பாடம் செய்வதைவிட ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. கோலிகளில் 1 முதல் 8 வரை எண் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கோலி 8 விதமாக வரலாம். அது எதுவாக இருந்தாலும் இரண்டாவது கோலியும் 8 விதமாக வரலாம். மொத்தம் 64 ஜோடிகள். இவற்றில் இரண்டும் சிவப்பாக உள்ள ஜோடிகள் 5 × 5 = 25. அந்த 25ஐ 64ஆல் வகுத்ததுதான் மேலே உள்ள விடை. ஜோடிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ணாமல் இருக்கவே பெருக்குகிறோம்.

அடுத்து, முதல் கோலியைத் திருப்பிப் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்கிறீர்கள். இப்போது டின்னில் 7 கோலிகள்தான். முதலில் வந்தது சிவப்பு என்பதால் சிவப்பில் மிச்சம் 4. ஆகவே:

5/8 × 4/7 = 20/56 = 5/14, ஏறக்குறைய 36%.

இதையும் எண்ணிப் பார்க்கலாம். ஒரே கோலி இரண்டு தடவை வர முடியாது என்பதால் ஜோடிகள் 8 × 7 = 56. இரண்டும் சிவப்பானவை 5 × 4 = 20. விடை அதேதான்.

திருப்பிப் போடும்போது முதல் எடுப்பு இரண்டாவதைப் பாதிப்பதில்லை. இப்படிப்பட்டவற்றைச் சாரா நிகழ்ச்சிகள் என்பார்கள். திருப்பிப் போடாதபோது இரண்டாவது எடுப்பின் வாய்ப்பு முதலில் என்ன வந்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது. அவை சார்ந்த நிகழ்ச்சிகள். பெயர் மறந்தாலும் பரவாயில்லை. ‘இப்போது டின்னில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி மறக்கக் கூடாது.

பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இரண்டு தவறுகள். திருப்பிப் போடாத கணக்கில் 5/8 × 4/8 என்று எழுதுவது ஒன்று. சிவப்பு ஒன்று குறைந்தது நினைவிருக்கிறது, மொத்தத்திலும் ஒன்று குறைந்தது மறந்துவிடுகிறது. இன்னொன்று, முதலில் சிவப்பும் அடுத்துப் பச்சையும் வர என்ன வாய்ப்பு என்று கேட்டால் 5/8 × 2/7 என்று எழுதுவது. வெளியே போனது சிவப்புக் கோலி, பச்சையை யாரும் தொடவில்லை. அது இன்னும் மூன்றாகவே இருக்கிறது. சரியான விடை 5/8 × 3/7. இந்த இரண்டு தவறுகளும் வருவது பெருக்கத் தெரியாததால் அல்ல. டின்னை மனத்தில் பார்க்காமல் எண்ணை மட்டும் இயந்திரம்போல் ஒன்று ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போவதால் வருகின்றன.

இனி, ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் வர எவ்வளவு வாய்ப்பு? எந்த வரிசையில் என்று கேள்வி சொல்லவில்லை. ஆகவே சிவப்பு முதலில் வந்து பச்சை அடுத்து வரலாம், பச்சை முதலில் வந்து சிவப்பு அடுத்தும் வரலாம். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். திருப்பிப் போடாவிட்டால்:

5/8 × 3/7 + 3/8 × 5/7 = 15/56 + 15/56 = 30/56, ஏறக்குறைய 54%.

திருப்பிப் போட்டால் 15/64 + 15/64 = 30/64, ஏறக்குறைய 47%.

பெருக்குவதா கூட்டுவதா என்ற குழப்பம் இங்கேதான் தொடங்கும். ‘இதுவும் நடந்து, அடுத்து அதுவும் நடக்க வேண்டும்’ என்றால் பெருக்க வேண்டும். ‘இப்படி நடந்தாலும் சரி, அப்படி நடந்தாலும் சரி’ என்றால் கூட்ட வேண்டும். கிளைப்படம் வரைந்துகொண்டால் இன்னும் தெளிவாகும். ஒரு புள்ளியிலிருந்து சிவப்பு, பச்சை என்று இரண்டு கிளைகள். ஒவ்வொன்றின் முனையிலிருந்தும் மறுபடி இரண்டு கிளைகள். கிளைகளின் மேல் பின்னங்களை எழுதிவிட்டு, ஒரு கிளை வழியே போகும்போது பெருக்கிக்கொண்டே போங்கள். கடைசியில் நமக்கு வேண்டிய முனைகளை மட்டும் கூட்டுங்கள். படத்துக்கு இரண்டு நிமிடம் செலவாகும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்விலும் சரி, வீட்டிலும் சரி, அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

நான்கு முனைகளையும் கூட்டினால் 1 வர வேண்டும். திருப்பிப் போடாத கணக்கில் இரண்டும் சிவப்பு 20/56, இரண்டும் பச்சை 3/8 × 2/7 = 6/56, கலந்து வருவது 30/56. கூட்டினால் 56/56. விடைத்தாளைக் கொடுப்பதற்கு முன் நம் விடையை நாமே சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. திருப்பிப் போடாதபோது ஒரே நிறம் இரண்டு தடவை வரும் வாய்ப்பு குறைந்து, நிறம் கலந்து வரும் வாய்ப்பு 47%இலிருந்து 54%ஆகக் கூடியது. சிவப்பை ஒன்று எடுத்துவிட்டால் டின்னில் சிவப்பின் பங்கு குறைந்து பச்சையின் பங்கு கூடுகிறது. பச்சையை எடுத்தால் அதற்கு எதிர்மாறு. எடுத்த நிறத்துக்கு எதிராகவே டின் ஒவ்வொரு தடவையும் சாய்கிறது. உங்கள் விடை இதற்கு மாறாக வந்தால் எங்கோ பிசகியிருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

திருப்பிப் போடாத கணக்கில் ‘குறைந்தது ஒரு பச்சையாவது’ என்று கேட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள். பச்சையே வராமல் இருப்பது இரண்டும் சிவப்பாக வருவதுதான், அது 5/14. ஆகவே விடை 1 − 5/14 = 9/14. ‘குறைந்தது’ என்ற சொல்லைக் கண்டாலே இந்த வழியை முதலில் முயன்று பாருங்கள்.

கேள்வி சொல்லாமல் விட்டால்?

திருப்பிப் போட்டார்களா இல்லையா என்று சொல்ல மறப்பது இன்று நேற்று வந்த குறை அல்ல. 1654இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டக் கணக்குகளைப் பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டதிலிருந்து இந்தத் துறை வேகம் பிடித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இதைப் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். அதன் கடைசியில் வாசகர்களுக்கு ஐந்து கணக்குகள் கொடுத்தார். அவற்றில் ஒன்று இது: 12 காய்கள், 4 வெள்ளை, 8 கறுப்பு. மூன்று பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு முறை வைத்து ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். யார் முதலில் வெள்ளையை எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி. மூவரின் வாய்ப்புகள் என்ன விகிதத்தில் இருக்கும்?

எடுத்த கறுப்புக் காயைத் திருப்பிப் போட வேண்டுமா என்று கேள்வியில் இல்லை. சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் ஜேக்கப் பெர்னூலி இதைப் பிரித்துப் பார்த்தார். அவர் இறந்த பிறகு 1713இல் வெளிவந்த நூலில், இந்த ஒரே கேள்வியை மூன்று விதமாகப் புரிந்துகொள்ளலாம் என்று காட்டினார்: ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போடுவது, போடாமல் வைத்துக்கொள்வது, மூவருக்கும் தனித்தனியே 12 காய்கள் இருப்பது. திருப்பிப் போட்டால் விகிதம் 9 : 6 : 4. ஒரே பையிலிருந்து திருப்பிப் போடாமல் எடுத்தால் 77 : 53 : 35. நூற்றுக்கணக்கில் சொன்னால் முதலாமவருக்கு முதல் வகையில் 47.4%, இரண்டாவதில் 46.7%. வித்தியாசம் சிறியதுதான், ஆனால் விடைகள் வெவ்வேறு.

பெரிய கணித அறிஞர்களுக்கே இப்படி என்றால், நம் பிள்ளைகள் கேள்வியை இரண்டு தடவை வாசிப்பதில் தவறில்லை. ‘திருப்பி வைக்கப்பட்டது’, ‘வைக்கப்படவில்லை’ என்று நேராகச் சொல்லியிருந்தால் கவலையே இல்லை. சொல்லாத இடங்களில் நடப்பை யோசிக்க வேண்டும். ‘ஒரே சமயத்தில் இரண்டு கோலிகளை எடுத்தான்’ என்றால் அது திருப்பிப் போடாத கணக்கு. ஒன்றன்பின் ஒன்றாக எடுத்ததாக நினைத்துக் கணக்கிட்டாலும் விடை மாறாது. ‘வகுப்பிலிருந்து இருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்’ என்றாலும் அப்படியே, ஒரே பிள்ளையை இரண்டு தடவை தேர்ந்தெடுக்க முடியாது. ரொட்டி டின்னிலிருந்து எடுத்துத் தின்றுவிட்டதைத் திருப்பிப் போட முடியாது. பகடை உருட்டுவதும் காசு சுண்டுவதும் வேறு விதம். அவற்றில் எதுவும் தீர்ந்துபோவதில்லை. ஆறு ஒரு தடவை விழுந்தது என்பதற்காகப் பகடையில் ஆறு அழிந்துவிடாது.

கூட்டுக் குலுக்கல்

மறுபடி மைலோ டின்னுக்கு வருவோம். திருப்பிப் போடவில்லை. ஆனால் முதல் கோலியை எடுத்ததும் நிறத்தைப் பார்க்காமல் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டீர்கள். இப்போது இரண்டாவது கோலி பச்சையாக இருக்க என்ன வாய்ப்பு?

ஒரு கோலி குறைந்துவிட்டதே, ஏதோ மாறியிருக்க வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். கணக்கிடுவோம். முதலில் சிவப்பு போயிருந்தால் 5/8 × 3/7 = 15/56. முதலில் பச்சை போயிருந்தால் 3/8 × 2/7 = 6/56. கூட்டினால் 21/56, சுருக்கினால் 3/8. முதல் கோலி பச்சையாக இருக்க இருந்த அதே 3/8!

பையில் இருப்பது என்ன என்று தெரியாத வரைக்கும், அந்தக் கோலி டின்னுக்குள்ளேயே ஒரு மூலையில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டாலும் ஒன்றுதான். டின்னை மாற்றுவது கோலி வெளியே போனது அல்ல, அதன் நிறம் நமக்குத் தெரிந்தது. இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை நிகழ்தகவைப் பின்னங்களின் விளையாட்டாகப் பார்ப்பதை விட்டுவிடும். நமக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் அளக்கும் அளவாகப் பார்க்கத் தொடங்கும்.

இன்னும் ஒரு படி போகலாம். பைக்குள் இருப்பதைப் பார்க்காமலே இரண்டாவது கோலியை எடுத்துப் பார்க்கிறீர்கள், பச்சை. அப்படியானால் பைக்குள் இருப்பது சிவப்பாக இருக்க என்ன வாய்ப்பு? கண்ணில் பட்ட பச்சை ஒன்றை ஒதுக்குங்கள். மிச்சம் ஏழில் ஐந்து சிவப்பு. ஆகவே 5/7. முதலில் நடந்ததைப் பற்றி, பிறகு நடந்தது நமக்குச் செய்தி சொல்கிறது. காரணம் வேறு, தகவல் வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இது வெறும் கோலி விளையாட்டு இல்லை என்பதைக் கூட்டில், அதாவது சீட்டுக் கட்டுவதில், பார்க்கலாம். தோட்டத்திலும் சரி, பட்டணத்துக்கு வந்த பிறகும் சரி, நம் பெண்கள் தமக்குள் கூட்டுக் கட்டுவது நமக்கெல்லாம் தெரிந்ததே. (கூட்டை வியாபாரமாக நடத்துவதை மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இங்கே நமக்கு வேண்டியது குலுக்கல் கணக்கு மட்டும்.) பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 200 ரிங்கிட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 ரிங்கிட் சேரும். பெயர் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு அந்த மாதப் பணம். அவர் சீட்டு மறுபடி டின்னுக்குள் போகாது. இது திருப்பிப் போடாத கணக்கு.

ஒரு மாணவியின் அம்மா என்னிடம் கேட்டார்: “சார், மொத மாசமே பேரு வந்தா புள்ளைக்கு ஸ்கூல் செலவுக்கு ஆகும். பிந்தி வந்தா வட்டிக்கு வாங்கணும். இந்தக் குலுக்கல் எல்லாருக்கும் நியாயமா இருக்குமா?”

நியாயமானதுதான். நான்காவது மாதத்தில் உங்கள் பெயர் வர வேண்டுமானால் முதல் மூன்று மாதமும் வராமல் இருந்து, நான்காவதில் வர வேண்டும்:

9/10 × 8/9 × 7/8 × 1/7

மேலும் கீழும் 9, 8, 7 அடிபட்டுப் போகின்றன. மிச்சம் 1/10. எந்த மாதத்துக்குக் கணக்கிட்டாலும் இப்படியே அடிபட்டு 1/10தான் வரும். கூட்டுத் தொடங்குகிற அன்றைக்குப் பத்து மாதமும் உங்களுக்குச் சமம்.

“ஆனா மூணு மாசம் போயிடுச்சு, எம் பேரு இன்னும் வரல. இப்ப ஏழுல ஒண்ணுதானே?” ஆமாம், அதுவும் சரி. முதல் மூன்று மாதத்தில் யார் யாருக்கு வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு மிச்சம் உள்ள ஒவ்வொரு மாதத்துக்கும் 1/7. 1/10 என்பது ஒன்றுமே தெரியாத நாளின் அளவு, 1/7 என்பது மூன்று மாதம் தெரிந்த நாளின் அளவு. இரண்டும் முரண்படவில்லை.

சீட்டைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு மாதமும் உங்கள் பெயர் வராமல் இருக்க 9/10. பத்து மாதமும் வராமல் இருக்க, 9/10ஐப் பத்துத் தடவை பெருக்கினால் ஏறக்குறைய 0.35. அதாவது பத்து மாதமும் பணம் கட்டிவிட்டு ஒரு தடவைகூடப் பெயர் வராமல் போக 35% வாய்ப்பு. வேறு யாருக்காவது இரண்டு, மூன்று தடவை போயிருக்கும். இப்படி நடத்தினால் கூட்டு இரண்டாவது மாதத்திலேயே உடைந்துவிடும். வந்த சீட்டைக் கிழித்துப் போடுவது யாரும் சொல்லித் தராமலே நம்மவர்கள் கையாளும் நல்ல கணக்கு.

ஹைகன்ஸின் ஆட்டத்தில் முதலாமவருக்கு ஏன் கூடுதல் வாய்ப்பு வந்தது என்று இங்கே சிலர் கேட்பார்கள். அங்கே ஒருவர் வென்றதும் ஆட்டம் முடிந்துவிடுகிறது, மற்றவர்களுக்குக் கை போடும் முறையே வராமல் போகலாம். கூட்டில் கடைசிச் சீட்டு வரைக்கும் எடுக்கப்படுகிறது. வித்தியாசம் அங்கேதான்.

நம்பர் கடை

புதன், சனி, ஞாயிறு மாலைகளில் நம் ஊர்களில் எங்கே நின்றாலும் காதில் விழும் பேச்சு நாலு நம்பர் லாட்டரி. விபத்தில் அடிபட்ட காரின் எண், கனவில் வந்த எண் என்று எடுப்பார்கள். அதில் முதல் பரிசு எண் 0000 முதல் 9999 வரை எதுவாகவும் இருக்கலாம். மொத்தம் 10,000. ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 9 வரை எதுவும் வரலாம் என்பதால் இது திருப்பிப் போடுகிற வகை. ஆகவே ஓர் எண்ணுக்கு முதல் பரிசு விழ 1/10 × 1/10 × 1/10 × 1/10 = 1/10,000.

‘போன வாரம் முதல் பரிசு வந்த நம்பர், இனிமேல் வராது’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ‘ரொம்ப நாளாக வராத நம்பர், வரப்போகிறது’ என்றும் கேட்டிருப்பீர்கள். இரண்டும் தவறு. அப்படிச் சொல்கிறவர்கள் திருப்பிப் போடுகிற கணக்கைத் திருப்பிப் போடாத கணக்காக நினைத்துக்கொள்கிறார்கள். கூட்டில் வராத பெயர் கடைசியில் வந்தே தீரும், ஏனென்றால் அங்கே வந்த சீட்டுகள் வெளியே போய்விட்டன. இங்கே எதுவும் வெளியே போவதில்லை. போன வாரத்து எண்ணுக்கும், பத்து வருடமாக வராத எண்ணுக்கும் அதே 1/10,000தான். இந்த ஒரு குழப்பத்தால் சம்பளத்தில் ஒரு பங்கு மாதாமாதம் போகிற வீடுகள் இருக்கின்றன. அதனாலேயே வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

நான்கு இலக்கமும் வெவ்வேறாக வர எவ்வளவு வாய்ப்பு என்பதைப் பிள்ளைகளிடம் பயிற்சியாகக் கொடுப்பதுண்டு. முதல் இலக்கம் எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது, அதைத் தவிர 9. அடுத்தது 8, அடுத்தது 7. ஆகவே 10/10 × 9/10 × 8/10 × 7/10 = 0.504. கீழே உள்ள 10 குறையவில்லை, மேலே மட்டும் குறைகிறது. முன்பு தவறு என்று சொன்ன 5/8 × 4/8 மாதிரித் தெரிகிறதே என்று கேட்டால் மகிழ்ச்சி. இங்கே பத்து இலக்கமும் ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கின்றன, அதனால் கீழே 10. மேலே இருப்பது நாம் விரும்புகிற இலக்கங்களின் எண்ணிக்கை, அதுதான் குறைகிறது.

சுப்ரீம் டோட்டோ 6/58 என்ற லாட்டரி மற்ற வகை, திருப்பிப் போடாதது. 58 எண்களிலிருந்து ஆறு எடுப்பார்கள், எடுத்தது திரும்பப் போகாது. நீங்கள் எழுதிய ஆறும் வர:

6/58 × 5/57 × 4/56 × 3/55 × 2/54 × 1/53

பெருக்கிப் பார்த்தால் 40,475,358இல் ஒன்று. மலேசியாவின் மக்கள்தொகையே சுமார் 34 மில்லியன்தான்.

லோரியில் வரும் குலைகள்

8 கோலியில் ஒன்றை எடுத்தால் மிச்சம் நன்றாக மாறுகிறது. 800 கோலியில் ஒன்றை எடுத்தால்? 500 சிவப்பு, 300 பச்சை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சிவப்பாக வர, திருப்பிப் போட்டால் 39.06%. போடாவிட்டால் 500/800 × 499/799 = 39.03%. வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை.

செம்பனை ஆலையில் இதைத் தினமும் பார்க்கலாம். லோரியில் வரும் எல்லாக் குலைகளையும் புரட்டிப் பார்க்க நேரம் இருக்காது. சிலவற்றை எடுத்துத் தரம் பார்ப்பார்கள். பார்த்த குலையை மறுபடி எடுத்துப் பார்க்க மாட்டார்கள், ஆகவே இது திருப்பிப் போடாத கணக்கு. ஒரு லோரியில் 500 குலைகள் என்றும், அதில் 25 இன்னும் பழுக்காத காய்க்குலைகள் என்றும் வைத்துக்கொள்வோம். மூன்று குலைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், மூன்றும் நல்ல குலைகளாகவே இருக்க:

475/500 × 474/499 × 473/498, ஏறக்குறைய 85.7%.

திருப்பிப் போட்டதாக நினைத்து 0.95ஐ மூன்று தடவை பெருக்கினாலும் 85.7%தான். இதனால்தான் பெரிய கூட்டத்திலிருந்து சிலதை மட்டும் எடுக்கும்போது, திருப்பிப் போட்டதாகவே வைத்துக்கொண்டு எளிதாகக் கணக்கிடுவார்கள். ஆனால் 50 குலைகளை எடுத்துப் பார்த்தால் நிலைமை வேறு. ஒரு காய்க்குலைகூடக் கண்ணில் படாமல் போக, எளிய வழியில் 7.7% என்று வரும். சரியான வழியில் 6.7%. லோரியில் பத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டதால் வித்தியாசம் வெளியே தெரிகிறது. எடுப்பது மொத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்த்துத்தான் எளிய வழி செல்லுமா என்று முடிவு செய்ய வேண்டும்.

லோரிக்காரருக்கும் ஆலைக்கும் இதில் பணம் இருக்கிறது. மூன்று குலைகளைப் பார்த்துவிட்டு ‘காயே இல்லை’ என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு மிகக் குறைவு. நூறில் ஐந்து காயாக இருக்கிற லோரிகூட 100இல் 86 தடவை அந்தச் சோதனையில் தப்பிவிடும்.

கடைசியாக, நீங்களே செய்து பார்க்க ஒன்று. கோவில் மண்டபத்தில் தேவாரம் படிக்க 12 பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், 7 பெண்கள், 5 ஆண்கள். குலுக்கி இருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இருவரும் பெண்களாகவோ இருவரும் ஆண்களாகவோ இருக்க என்ன வாய்ப்பு? கிளைப்படம் வரைந்து, பென்சிலால் செய்துவிட்டுக் கீழே பாருங்கள்.

7/12 × 6/11 + 5/12 × 4/11 = 42/132 + 20/132 = 62/132 = 31/66, ஏறக்குறைய 47%. உங்களுக்கு 74/144 வந்திருந்தால், ஒரே பிள்ளையை இரண்டு தடவை மேடை ஏற்றியிருக்கிறீர்கள்.